ஒரு தரம், இரண்டு தரம்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய சிற்றப்பா மறைந்து ஓராண்டாகிறது. வீட்டைக் காலிசெய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய நாணயங்களும், கட்டுக்கட்டாய்ப் பழைய அஞ்சலுறைகளும், இரண்டு ஓலைச்சுவடிகளும் கிடைத்தனவாம். "நீங்கள் இருவரும் இணைய ஏலத்தில் விற்றுப் பழகியவர்களாயிற்றே, எப்படி விற்பது என்று சொல்லுங்கள்" என்றார். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் பேசத் தொடங்கினோம். ஒரு மணி நேரம் கடந்தும் முடியவில்லை. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லத் தயங்கி விட்டுவிட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் இருப்பது போடிநாயக்கனூரில். இவ்வூரில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மலையில் விளையும் ஏலம் ஒன்று. அதை விற்கும் ஏலம் மற்றொன்று. முன்னது நம்முடைய பழஞ்சொல். பின்னது போர்ச்சுக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல் கடல் கடந்து வந்து நம் நாவில் தேய்ந்த வடிவம். ஏலத்தை ஏலம் விடும் கூடத்தில் இப்போது வியாபாரிகள் கணினித் திரைக்கு முன்னால்தான் அமர்கிறார்கள். கூவி விலை கேட்ட காலம் போய்விட்டது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரி வரும். காயைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, நசுக்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போகும். இணைய ஏலத்தில் இல்லாதது இந்த முகர்தல்தான். வாங்குபவருக்கு நாம் எழுதும் நாலு வரியும் படமும் மட்டுமே மூக்கு. விற்பவர் அறிய வேண்டிய மற்ற உத்திகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

'நாங்கள்' என்பது கணவனும் மனைவியுமாகிய இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் கணக்கறிந்தவர். விவரம் எழுதுவது ஒருவர் பொறுப்பு, உறை கட்டுவதும் வரவுசெலவு வைப்பதும் மற்றவர் பொறுப்பு. 2010ஆம் ஆண்டு எங்கள் வீட்டுப் பெரியவர் காலமானார். எங்களுள் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். அஞ்சலகத்தில் எழுத்தராக முப்பத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவர். சொத்தென்று அவர் விட்டுச் சென்றவை ஓட்டுக்கூரை வீடும் பதினான்கு தபால்தலை ஆல்பங்களும். மறுவருட மழைக்குள் அடுக்களைக் கூரையை மாற்றியாக வேண்டும். ஆல்பங்களைப் பார்க்க எங்களுக்குக் கண் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு மனம் இல்லை. அம்மாவே, "வேணுங்கிறவுக கையில போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் விற்கத் தொடங்கினோம்.

அந்நாளில் இந்தியாவில் இணைய ஏலம் என்றால் ஈபே இந்தியாதான். 2000இல் தொடங்கிய பாஸீ என்னும் மும்பை நிறுவனத்தை 2004இல் அமெரிக்க ஈபே வாங்கித் தன் பெயரைச் சூட்டியது. கைப்பேசியும் காலணியும் நிலைவிலைக்கு விற்ற அத்தளத்தின் ஒரு மூலையில், தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப்படம் சேர்ப்பவர்கள் மட்டும் இரவுதோறும் கூடி ஏலம் கேட்டார்கள். 2017இல் அது ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அந்த மூலையில் பழகியவர்கள் பலர் பிறகு வாட்ஸப் குழுக்களிலும் முகநூல் குழுக்களிலும் ஏலம் விடத் தொடங்கினார்கள். அங்கே முறையெல்லாம் நம்பிக்கைதான். இடையில் நின்று பணத்தைப் பிடித்து வைப்பவர் எவரும் இல்லை. வெளிநாட்டார்க்கு விற்பதென்றால் ஈபேயின் பன்னாட்டுத் தளம் இன்றும் இந்திய விற்பனையாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

முதலில் ஏலம் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறோம், நண்பர் அதில்தான் குழம்பினார். கேட்பவர் தாம் தரக்கூடிய உச்ச விலையை எழுதிவிட்டுப் போய்விடலாம். அவருக்காகத் தளமே, பிறர் கேட்கக் கேட்க, வேண்டிய அளவு மட்டும் உயர்த்திக்கொண்டு போகும். ஒருவர் 500 ரூபாய் வரை தரச் சம்மதம், அடுத்தவர் 320 வரை, படி 10 ரூபாய் என்றால், முதலாமவர் 330க்கு வாங்கிக்கொண்டு போவார். அதாவது வென்றவர் கொடுப்பது ஏறக்குறைய தோற்றவரின் விலை. இம்முறையின் நுட்பத்தைக் கணக்குப்போட்டு விளக்கியவர் வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர், 1961இல். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்; மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். எங்களுக்கு வியப்பளித்தது வேறொன்று. டேவிட் லக்கிங்-ரைலி என்பவர் 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், அஞ்சல் வழியே விலை கேட்ட தபால்தலை ஏலங்களில் 1893ஆம் ஆண்டிலேயே இந்த முறை வழங்கியதைக் காட்டியிருக்கிறார். அறிஞர் எழுதுவதற்கு அறுபத்தெட்டு ஆண்டு முன்பே தபால்தலை வணிகர்கள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள்! எங்கள் பெரியவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு நெடுநேரம் சிரித்திருப்பார்.

ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று சொல்லி, மூன்றாம் தரத்துக்கு முன் சற்று நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் யாராவது வாய் திறந்தால் மறுபடியும் முதல் தரம். ஈபேயில் அந்தப் பேச்சே இல்லை. கடிகாரம் நின்றால் ஏலம் முடிந்தது. ஆகவே பழகியவர்கள் ஏழு நாளும் வாய் திறக்காமல் இருந்து, கடைசிப் பத்து விநாடியில் விலை எழுதுவார்கள். அமேசான் முன்பு நடத்திய ஏலத்திலோ, கடைசி நேரத்தில் எவரேனும் கேட்டால் ஏலம் பத்து நிமிடம் நீளும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் எழுதினார்கள். மூன்றாம் தரம் இல்லாத இடத்தில்தான் கடைசி நேரக் கேட்பு மிகுதி என்பது அவர்கள் கண்டது. எனவே ஆறாம் நாள் வரை விலை ஏறவில்லையென்று விற்பவர் துவண்டுவிடக் கூடாது. நாங்கள் துவண்டிருக்கிறோம், ஒருமுறை அவசரப்பட்டு ஏலத்தை நிறுத்தியும் இருக்கிறோம். மறுநாளே மூவர் எழுதிக் கேட்டார்கள், ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று.

முடியும் நேரம் முக்கியம். ஞாயிறு இரவு ஒன்பதிலிருந்து பத்துக்குள் முடியும்படி வைப்பது எங்கள் வழக்கம். நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி, சனிக்கிழமை, இரவு பத்து மணிக்கு முடியும்படி எட்டுப் பொருள்களை வைத்திருந்தோம். அன்றுதான் மும்பையில் உலகக் கோப்பை இறுதியாட்டம் என்பது, கிரிக்கெட் பார்க்காத இந்த வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. நாடே தோனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டில் ஆறு பொருளுக்கு ஒருவரும் கேட்கவில்லை. மீதி இரண்டையும் தொடக்க விலைக்கே வாங்கியவர், எங்களைப் போலவே கிரிக்கெட் அறியாத புண்ணியவான்.

தொடக்க விலையைப் பற்றிப் பலரும் சொல்வது, தாழ்வாக வை, தானே ஏறும் என்பது. பாதி உண்மை. இரண்டு பேராவது விரும்பும் பொருளுக்கே அது பொருந்தும். பெரியவரின் அலமாரியில் 1930களின் நாடகப் பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. கந்தலானாலும் அரியது. 50 ரூபாயில் தொடங்கினோம். நாடெங்கும் அதை விரும்பியவர் ஒரே ஒருவர் போலும். 50 ரூபாய்க்கே போயிற்று. அஞ்சல் செலவு 45. கணக்கறிந்தவர் அன்றிரவு பேசவில்லை. ஒருவர் மட்டுமே நாடும் பொருளை எந்த விலைக்குக் குறைந்தால் தர மனமில்லையோ, அந்த விலையில்தான் தொடங்க வேண்டும்.

இனி விவரம் எழுதுவது. ஈபேயின் முதல் விற்பனையைப் பற்றி எல்லாரும் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1995இல் பியர் ஓமிதியார் என்னும் இளைஞர் அத்தளத்தைத் தொடங்கியபோது, சோதனைக்காகத் தம்முடைய உடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்றை ஏலத்தில் வைத்தார். 14.83 டாலருக்கு அது விலைபோயிற்று. திகைத்துப்போன அவர், அது வேலை செய்யாது என்பது தெரியும்தானே என்று வாங்கியவரைக் கேட்டார். உடைந்த லேசர் சுட்டுகோல்களைச் சேர்ப்பதுதான் என் வழக்கம் என்று விடை வந்தது. சேர்ப்பவர்களின் விசித்திரத்தைக் காட்ட இதைச் சொல்வார்கள். எங்களுக்குப் பிடித்தது ஓமிதியாரின் கேள்விதான். விற்றபின்னும் ஒருமுறை கேட்டார் அல்லவா, அது.

தபால்தலையில் குறை என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். பின்புறப் பசை போயிருக்கலாம். ஹிஞ்சு என்னும் ஒட்டுத்தாளை உரித்ததில் தாள் மெலிந்திருக்கலாம். விளிம்புத் துளையில் ஒரு பல் குட்டையாக இருக்கலாம். முதல் மாதங்களில் நாங்கள் 'மிக அழகிய', 'அரிதினும் அரிய' என்றெல்லாம் எழுதினோம். தமிழ் படித்தவர் கை, அடைமொழியை விடாது. கேட்பவர்கள் அடைமொழியைப் படிப்பதே இல்லை என்பது மெல்லத் தெரிந்தது. அவர்கள் தேடுவது குறையை. அது எழுதியிருந்தால் துணிந்து கேட்பார்கள். எழுதாவிட்டால் மனத்தில் ஒரு குறையைக் கற்பித்து விலையைத் தாழ்த்துவார்கள். ஆகவே முதல் வரியிலேயே குறையைச் சொல்லத் தொடங்கினோம். 'வலது மேல் மூலையில் மடிப்பு. பின்புறம் பழுப்புப் புள்ளி மூன்று. மற்றபடி நலம்.' படமும் பின்புறத்திலிருந்தே. விந்தையாக, விலை கூடியது. நூல்களுக்கும் இதே முறைதான். 'பூச்சி அரித்தது' என்று பொதுவாக எழுதாமல், 'பக்கம் 112 முதல் 120 வரை ஓரத்தில் துளை, எழுத்து சேதமில்லை' என்று எழுதினால், கேட்பவர் பெருமூச்சு விட்டுக் கேட்கிறார்.

இவ்வளவும் சொல்லும் தகுதி எங்களுக்கு எப்படி வந்தது என்பதைத்தான் நண்பரிடம் சொல்லவில்லை.

பெரியவரின் ஏழாம் ஆல்பத்தில் தனிப் பக்கத்தில் ஒற்றைத் தலை ஒன்று இருந்தது. காந்தியின் பத்து ரூபாய்த் தபால்தலை. விடுதலையின் முதலாண்டு நிறைவான 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான நான்கில் பெரியது அது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. காந்தியின் முகத்தோடு 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். அன்றைய பத்து ரூபாய் எளியவர் தொடக்கூடிய தொகையன்று. 1974இல் உடன் பணிபுரிந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, 150 ரூபாய்க்குப் பெரியவர் அதை வாங்கினார். அரை மாதச் சம்பளம். அந்த மாதம் வீட்டில் நடந்த பட்டினிப் போர் எங்கள் குடும்பத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்லப்படும் கதை.

2011 ஜூலையில் அதை ஏலத்தில் வைத்தோம். 99 ரூபாயில் தொடக்கம். மூன்றாம் நாளே 4,000. ஐந்தாம் நாள் 11,200. கூரைக்கு ஓடும் சட்டமும் வாங்கிவிடலாம் என்று கணக்கெழுதிவிட்டோம். அன்றிரவு, ஏலத்தில் கேட்காத ஒருவரிடமிருந்து கேள்வி வந்தது. மரியாதையான கடிதம். முகப்பகுதியை இன்னும் பெரிதாக்கி ஒரு படம் அனுப்ப முடியுமா, இத்தலையில் போலிகள் மிகுதி, தவறாக எண்ண வேண்டாம், என்று எழுதியிருந்தார்.

மறுநாள் கல்லூரி ஸ்கேனரில் வைத்துப் பார்த்தோம். அசல் தலை போட்டோகிரேவூர் முறையில் அச்சானது; நிழல் மைபோல் இழைந்து கிடக்கும். ஆஃப்செட்டில் அச்சிட்ட போலியில், செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கிப் பார்த்தாற்போல, புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகத் தனித்தனியே தெரியும். எங்களுக்கு எது எதுவென்று சொல்லத் தெரியவில்லை. அப்போது ஒரு யோசனை தோன்றிற்று. அதே ஆல்பத்தில் அடுத்த பக்கத்தில் முத்திரை விழுந்த ஒன்றரை அணாத் தலை இருந்தது, எவரும் போலி செய்ய அக்கறைப்படாத மலிவுத் தலை. ஒரே அச்சகம், ஒரே முறை. இரண்டையும் அருகருகே வைத்தோம். ஒன்றில் காந்தியின் கன்னம் வழுவழுப்பாக இருந்தது. மற்றொன்றில் கன்னம் முழுதும் புள்ளி. விலை மிகுந்த தலையை அதன் ஏழைத் தமையனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, நண்பர்களே, இன்றும் நாங்கள் பரிந்துரைக்கும் முதற் சோதனை.

அன்றிரவு எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுத நாணமாக இருக்கிறது. எங்களுள் ஒருவர் சொன்னார்: "நாம் நிபுணர்கள் அல்லர். உள்ளது உள்ளபடி என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். கேட்டவர் ஒருவர்தானே? மற்றப் பதினான்கு பேர் படம் பார்த்துத்தானே கேட்கிறார்கள்?" மற்றவர் விடை சொல்லாமல் கூரையைப் பார்த்தார். பிறகு அவரே, "அப்பா போலியை வைத்திருந்தார் என்று நாமே ஊருக்கு எழுதுவதா?" என்றார். பணமும் மானமும் ஒரே பக்கம் நின்று வாதாடும்போது அவ்வழக்கில் எளிதில் வென்றுவிடலாம். ஏறத்தாழ வென்றும்விட்டோம். விளக்கை அணைத்தபோது 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் முடிவு.

காலையில் அந்த வரியை எழுத உட்கார்ந்தவர் தமிழாசிரியர். அவரால் எழுத முடியவில்லை. உள்ளது எது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'உள்ளபடி' என்று எழுதுவது அதை மறைப்பதற்கு. மாணவர்க்கு இருபொருள் தரும் தொடர்களை எடுத்துக்காட்டி மதிப்பெண் குறைப்பவர், தாமே அப்படி ஒரு தொடரை விலைக்கு விற்பதா என்ற கேள்விதான் கையைப் பிடித்தது. அதைப் பெரிய அறமென்று சொல்ல மாட்டோம், தொழிற்பழக்கம். ஏலத்தை நிறுத்தி, கேட்ட அத்தனை பேரின் கேட்பையும் நீக்கி, 'ஆஃப்செட் புள்ளிகள் தெரிகின்றன, போலி என்று கருதுகிறோம், பொறுத்தருள்க' என்று எல்லாருக்கும் எழுதினோம். இருவர் நன்றி எழுதினார்கள். ஒருவர் வசைமொழி எழுதினார், முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா என்று. அவர் கேட்டது நியாயம்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. "நல்ல விலை வரலை, அதனால எடுத்துட்டோம்" என்றோம். முகமறியாப் பதினைந்து பேருக்கு உண்மையை எழுதிய கைகள்தாம் அவை. வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அதுக்கு எப்பிடி வெல வரும்? அது டூப்ளிகேட்டுல்ல. மதுரையில எக்சிபிசனுக்குக் கொண்டுபோன அன்னைக்கே ஒருத்தரு கண்ணாடி வச்சுப் பாத்துச் சொல்லிட்டாராம். ரெண்டு நா அவுக சோறு எறங்காம கெடந்தாக. நீங்க அதச் சொல்லித்தான் விக்கப் போட்டிருக்கீகன்னுல்ல நெனச்சேன்."

ஓடிப்போய் ஆல்பத்தைத் திறந்தோம். பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தலையின் கீழும் அதை எங்கே வாங்கினார் என்பதைப் பென்சிலில் ஓரெழுத்தில் குறித்திருப்பார். 'ம.' என்றால் மதுரை, 'செ.' என்றால் சென்னை, 'தே.' என்றால் தேனி. காந்தியின் கீழ் 'போ.' என்றிருந்தது. போடி என்றே படித்திருந்தோம். ஐயமின்றிப் படித்திருந்தோம். ஏட்டில் ஓரெழுத்துச் சிதைந்தால் பொருள் எத்தனை வழியில் பிரியும் என்று வகுப்பில் ஒரு பருவம் முழுதும் பேசுகிறவருக்கு, வீட்டுச் சுவடியைப் படிக்கத் தெரியவில்லை. 1974இல் பெரியவர் பணியிலிருந்தது பெரியகுளத்தில் என்ற நினைவாவது வந்திருக்க வேண்டும்.

விற்ற நண்பரிடம் அவர் ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று வினவினோம். "அவரும் எங்கிட்டோ ஏமாந்துதான வாங்கிருப்பாரு" என்றார் அம்மா. வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு பின்னிகழ்ச்சி உண்டு. ஏலம் கேட்டவர்களுள் ஒருவர் 2013இல் மறுபடியும் எழுதினார். போலித் தலைகளை மட்டும் தனியே சேர்த்து, அசலோடு ஒப்பிட்டுக் காட்டுபவர் அவர். அந்தக் காந்தி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். உடைந்த சுட்டுகோல்காரரை நினைத்துக்கொண்டோம். அம்மாவைக் கேட்டோம். "போலின்னு எழுதிக் குடுத்தாக் குடுங்க" என்றார். 650 ரூபாய்க்குப் போயிற்று. 'போ.' எழுதிய தாளையும் சேர்த்துக் கேட்டார், அதைத் தரவில்லை. அடுக்களைக் கூரையை, உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், கூட்டுறவுச் சங்கக் கடனில்தான் மாற்றினோம்.

மதிப்புரை பற்றியும் ஒரு சொல். முன்பு வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் குறைசொல்லி எழுத ஈபேயில் இடமிருந்தது. நீ எழுதினால் நானும் எழுதுவேன் என்ற அச்சத்தில் எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நம் நூல் மதிப்புரைகள் நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்லர். 2008இல் அதை மாற்றி, வாங்குபவரைக் குறைசொல்லும் உரிமையை விற்பவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விற்பவர் கூட்டம் கொதித்தது. எங்களுக்கு அது சரியென்றே படுகிறது.

நண்பரின் பெட்டிக்கு வருவோம். ஓலைச்சுவடிகளைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னோம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் இவற்றுள் ஏதேனுமொரு மதிப்புடைய கையெழுத்துச் சுவடி எழுபத்தைந்து ஆண்டைக் கடந்திருந்தால் அது தொல்பொருள். நாணயம் முதலியவற்றுக்கு எல்லை நூறாண்டு. தனியார் எவரும் இவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உள்நாட்டில் வணிகமாக விற்கவும் உரிமம் வேண்டும். சுவடிகளைச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்கு எழுதிக் கேட்டு ஒப்படைப்பதே முறை. "என்ன கிடைக்கும்?" என்றார். பட்டியலில் ஒரு எண் கிடைக்கும் என்றோம். சற்று மௌனமாக இருந்தார்.

அஞ்சல் விதிகள் அண்மையில் அடுக்கடுக்காக மாறியிருக்கின்றன, பழைய நினைவில் செலவைக் கணக்கிட்டால் கை சுடும். புத்தகம் விற்பவர்களின் உயிர்நாடியாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோயிற்று. பலர் முறையிட்ட பின், 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது; 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை உச்சம் 100 ரூபாய், வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. முகப்புத்தாள் கிழிந்த பழம்புத்தகத்தைக் கொண்டுபோய் நிற்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. அமெரிக்காவோ, 800 டாலர் வரையிலான சிறு பொதிகளுக்குத் தந்திருந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29இல் நீக்கிற்று. அதையொட்டி நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்குப் பொதிகள் ஏற்பதை ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தி, அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கிற்று. வெளிநாட்டு ஏலத்தில் விலை ஏறுவதைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அந்த நாட்டுக்கு அன்று பொதி போகிறதா, சுங்கத்தை யார் கட்டுவது என்பதை அஞ்சலகத்தில் கேட்டு, அதையும் விவரத்தில் எழுதிவிடுவது நல்லது.

உறை கட்டுவதில் சொல்ல அதிகமில்லை. தபால்தலையை இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள்; அட்டையின் அலைக்கோடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கட்டும், மடியாது. செல்லோடேப் தலைக்கு அருகில்கூட வரக் கூடாது. நாணயத்தைத் துலக்காதீர்கள். புளிபோட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பழங்காசுக்குச் சேர்ப்பவரிடையே பாதி விலைகூட வராது. இதைச் சொன்னபோது நண்பர் "ஐயோ" என்றார். எத்தனை காசை ஏற்கெனவே துலக்கிவிட்டார் என்று கேட்டோம். இருபது இருக்கும் என்றார். அதையும் எழுதித்தான் விற்க வேண்டும் என்றோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன் என்றிருக்கிறார். அஞ்சலுறைகளை முதலில் பிரிப்பதாகத் திட்டம். அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல், எனினும் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்.